இரண்டாம் பக்கத்தோடு நின்றவன்

என் மனைவி சாகப்போகிறாள் என்று ஊருக்கு அறிவித்தவன் நான். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. சாதகம் பார்க்கும் சாத்திரியும் சொல்லவில்லை. உயர்தர வகுப்புக்கு வாழ்நாள் முழுவதும் விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்ற நான் சொன்னேன். படித்த மனிதன் சொன்னதால் எங்கள் சண்டிலிப்பாய் ஊர் முழுவதும் நம்பியது. அவள் இப்போது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறாள். பூனையை ஏசும் சத்தம் இங்கே கேட்கிறது.

நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியும். "எழுதுறதெண்டால் முழுக்க எழுதுங்கோ. உங்களை நல்ல பிள்ளையாக்கிற இடமெல்லாத்தையும் நான் வெட்டிப்போடுவன்" என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே முதல் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

அவளுக்கு வயிறு ஊதத் தொடங்கியபோது நான் "வாய்வு" என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டவுடன் வயிறு நிரம்பிவிடுகிறது என்றாள். "வயது போனால் அப்பிடித்தான். உள்ளி சுட்டுத் தின்னும்" என்றேன். பாவாடை நாடா எட்டவில்லை என்றாள். "நீர் கொழுத்துப் போட்டீர்" என்றேன். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கும் கொழுப்பு எந்த விலங்கில் உண்டு என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டிருந்தால், இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிப் பதில் சொல்லியிருப்பேன். கேட்டவள் மனைவி என்பதால் தலையைக்கூடப் பேப்பரிலிருந்து நிமிர்த்தவில்லை.

கடைசியில் அவளே ஓட்டோவைப் பிடித்துப் போய் ஸ்கான் எடுத்துக்கொண்டு வந்தாள். சூலகத்தில் கட்டி. புற்றுநோய். சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். அதன் பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்று எங்களைப் புற்றுநோய் டொக்டரிடம் அனுப்பினார்கள்.

டொக்டர் என்னைக் கண்டவுடன் கதிரையிலிருந்து எழும்பினார்.

"சேர், என்னைத் தெரியுதோ?"

எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் "ஓம், ஓம்" என்றேன்.

"தெரிஞ்சிராது சேர். என்ரை தவளைப் படத்துக்குக் கீழை சிவப்புப் பேனையாலை ஒரு வசனம் எழுதினனீங்கள். 'இந்தத் தவளை செத்தது படிப்புக்காகவோ, வெக்கத்தாலையோ?' எண்டு. வகுப்பு முழுக்கக் கைமாறி வாசிச்சது."

என் மனைவி தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தம்பி, உவர் எனக்கும் அப்பிடித்தான். என்ரை சாம்பாரைப் பாத்துக் கேட்ட கேள்வியளை எழுதினால் உங்கடை தவளை சந்தோசப்படும்."

அன்றிலிருந்து அந்த டொக்டருக்கு முன்னால் எனக்கு ஒரே பயம். பழிவாங்குவார் என்ற பயமில்லை. அவர் தங்கமான பிள்ளை. எனக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லிவிடுவார், நான் விளங்காமல் முழிப்பேன் என்ற பயம். அவர் எதைச் சொல்லத் தொடங்கினாலும், முடிக்க முன்னரே "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினேன். எத்தனையோ விளக்கங்களை நான் இப்படிப் பாதி வழியில் வெட்டியிருக்கிறேன்.

மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முதல் முறையோடு தலைமயிர் கொட்டியது. அவள் அதற்கு அழவில்லை. "இனி ஈர் பேன் பிரச்சினை இல்லை" என்றாள். சத்திதான் ஆளைக் கொன்றது; குடித்த தண்ணீரும் வயிற்றில் நிற்காமல் வெளியே வந்தது. எதைத் தின்றாலும் "பழைய தகரத்தை நக்கிறமாதிரிக் கிடக்கு" என்பாள். மருந்து ஏற்றி வந்த பிறகு கிழமைக்கணக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நான் வாசலில் நின்று "ஏதாவது வேணுமோ?" என்று கேட்பேன். அவள் கையை அசைப்பாள். போ என்றா, வேண்டாம் என்றா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த நாட்களில்தான் மெல்பேணிலிருந்து மகள் போன் எடுத்தாள். அவள் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அம்மாவின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதில் சீவல் அளவு அனுப்பினால் போதும், சோதிக்கலாம் என்றாள்.

"அம்மாவின்ரை கட்டியிலை எந்தெந்த மரபணு கூட வேலை செய்யுது, எது அடங்கிக் கிடக்குதெண்டு பாத்தால், இனி அது எப்பிடிப் போகுமெண்டு ஓரளவு சொல்லலாம் அப்பா. ஓரளவுதான்."

"எனக்கு மரபணு படிப்பிக்கிறியோ?" என்றேன். நாங்கள் அதைப் பரம்பரையலகு என்று படிப்பித்த காலத்தில் அவள் பிறக்கவேயில்லை.

பக்கத்தில் படுத்திருந்த என் மனைவி தலையைத் திருப்பினாள். "உது சாத்திரம் பாக்கிற வேலையெல்லோ?"

"இது விஞ்ஞானம்" என்றேன்.

"எங்கடை சாத்திரியும் தன்னுடையது விஞ்ஞானமெண்டுதான் சொல்லுறவர்."

அவளுக்கு விளங்கப்படுத்தினேன். எங்கள் கோயில் சபையை உதாரணம் காட்டினேன். வருடாவருடம் அதே ஆட்கள்தான். திருவிழாக் கூட்டத்துக்கும் அவர்கள்தான், கிணறு இறைக்கும் கூட்டத்துக்கும் அவர்கள்தான். ஆனால் ஒரு கூட்டத்தில் யார் வாய் திறந்து கத்துகிறார்கள், யார் வாயை மூடிக்கொண்டு வெற்றிலை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் காரியம் நடக்கும், அல்லது குழம்பும். உடம்பிலும் அப்படித்தான். கண்ணின் கலத்திலும் கல்லீரலின் கலத்திலும் இருக்கிற மரபணுக்கள் ஒன்றே. எது பேசுகிறது, எது பேசாமல் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கட்டிக்குள்ளே யார் கத்துகிறார்கள் என்று பார்த்தால், கட்டியின் குணம் தெரியும்.

"அப்ப என்ரை வயித்துக்குள்ளை கோயில் சபை கூடினதோ? பிறகென்ன, உருப்பட்ட மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் என் உதாரணத்தை நினைத்து மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சீவலை வாங்கி மகளுக்கு அனுப்பினோம். முடிவு என் மின்னஞ்சலுக்கு வந்தது. கூடவே மகளின் குரல் செய்தி: "அப்பா, அதை அப்பிடியே டொக்டரிட்டைக் குடுங்கோ. நீங்களா வாசிச்சு ஒரு முடிவும் எடுக்காதேங்கோ." இதைக் கேட்டவுடன் நானே வாசித்து முடிவெடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

மருதனார்மடத்தில் ஒரு கடையில் பிறின்ட் எடுத்தேன். "கலரோ, கறுப்பு வெள்ளையோ?" என்று கடைக்காரர் கேட்டார். "கலர்" என்றேன். கறுப்பு வெள்ளை என்று சொல்லியிருந்தால் எழுதுவதற்கு இன்றைக்கு ஒன்றும் இருந்திருக்காது.

மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பெயர், வயது, சோதனை செய்த விதம். அதன் அடிப்பாதியிலும் இரண்டாம் பக்கம் முழுவதிலும் சின்னச்சின்னச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு மரபணு. பச்சை சில இருந்தன. மிச்சமெல்லாம் சிவப்பு. வரிசை வரிசையாகச் சிவப்பு.

வாழ்நாள் முழுவதும் நான் சிவப்பைப் பிழைக்கு மட்டுமே பாவித்தவன். சரியான விடைக்கு ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பிழையென்றால்தான் மை சிந்தும். ஒரு விடைத்தாள் இப்படிச் சிவந்துபோய்க் கிடந்தால் அந்தப் பிள்ளை பெயில். யோசிக்க ஒன்றுமில்லை. சதுரங்களுக்குக் கீழே 'அபாய விகிதம்' என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் ஒன்றுக்கும் குறைந்த ஒரு தசம எண் இருந்தது. அபாயம் என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. அதோடு பூச்சியத்தில் தொடங்கும் எண் வேறு. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எந்த மாணவனும் சந்தோசமாக வீட்டுக்குக் கொண்டுபோனதை நான் கண்டதில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இரண்டு பக்கம் தொடர்ந்து பிழையாக எழுதியவனின் மூன்றாம் பக்கத்தை நான் வாசிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளை எடுப்பேன். எத்தனை பிள்ளைகளின் மூன்றாம் பக்கங்களை அப்படி விட்டேனோ தெரியாது. கடை வாசலில் நின்று, கண் கலங்கி எழுத்துத் தெரியாமல் போன நேரத்தில், என் மனைவியின் மூன்றாம் பக்கத்தையும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பழைய விலங்கியல் புத்தகமொன்றுக்குள் வைத்தேன். அந்தப் புத்தகத்தை வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை, நான் உட்பட. மகள் போன் எடுத்து "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்காம்" என்றேன். நான் சொன்ன பொய்களில் உண்மையாக முடிந்தது அது ஒன்றுதான்.

இனி எழுதப்போவது சிரிக்கிற விசயமில்லை. அடுத்த முறை மருந்து ஏற்றப் போகவேண்டிய நாளுக்கு முதல்நாள் நான் அவளிடம், "டொக்டர் போன் எடுத்தவர். உமக்கு இரத்தம் குறைவாக் கிடக்காம். கொஞ்சக்காலம் ஆறட்டாம்" என்றேன்.

"அப்ப நாளைக்குப் போகத் தேவையில்லையோ?"

"இல்லை."

பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகம். எழும்பி உட்கார்ந்து, புட்டும் மாம்பழமும் வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து தாதி போன் எடுத்தபோது, கொழும்பில் ஒரு டொக்டரிடம் காட்டுகிறோம் என்று சொன்னேன். அடுத்த தவணையையும் அப்படியே தாண்டவிட்டேன்.

சாகப்போகிறவளை ஏன் வதைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கருணை என்று நினைத்தேன். அது கருணையில்லை. அவள் சத்தி எடுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க என்னால் முடியவில்லை. நான் களைத்துப்போனேன். நிறுத்துவதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தச் சிவப்புப் பக்கம் அதைத் தந்தது. அவள் புட்டும் மாம்பழமும் தின்பதைப் பார்த்து, நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன். இதில் எதையும் அவள் வெட்டமாட்டாள் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் நல்ல கணவனானேன். காலையில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோனேன்.

"இதை ஆர் போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

"ஏனெண்டால்... சும்மாதான்."

கோப்பையைக் கையில் வாங்கி, குடிக்காமல் என்னையே பார்த்தாள். பின்னேரம் அவளுடைய கால்களுக்கு எண்ணெய் தேய்க்கப் போனேன். கால்களை இழுத்துக்கொண்டாள். அவளுடைய சாம்பாரை மூன்று தரம் புகழ்ந்தேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. அவள் மகளுக்குப் போன் எடுத்து மெதுவாகச் சொன்னதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "அப்பாவுக்கும் உடம்பிலை ஏதோ பெரிய வருத்தம் பிள்ளை. எனக்கு மறைக்கிறார். தேத்தண்ணி போடுறார்."

எங்கள் பக்கத்தில் கலியாணமோ செத்தவீடோ, நேரே போய்ச் சொல்ல வேண்டும். முறைப்படி, கிட்டின சொந்தத்திலிருந்து தூரத்துச் சொந்தம் வரைக்கும். சொல்லாமல் விட்டால் அந்த வீடு வராது. வராதது மட்டுமில்லை, தலைமுறைக்கும் கதைக்காது. நான் அந்த முறையை முன்கூட்டியே தொடங்கிவிட்டேன். முதலில் பருத்தித்துறைக்குப் பஸ் ஏறி என் அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, அவவுக்கு இனிச் சரிவராது. சோதனையிலை தெரிஞ்சிட்டுது."

"ஆர் சொன்னது?"

"நானே பாத்தனான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணை கண்ணைத் துடைத்தார். படிப்பில் அவருக்கு என்மேல் எப்போதும் மதிப்பு.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அண்ணை" என்றேன். போன வீடுகளிலெல்லாம் அப்படித்தான் சொன்னேன். எங்கள் ஊரில் அந்தச் சொல், பஸ்ஸுக்குக் கொண்டக்டர் விசில் ஊதுவதுபோல. உடனே புறப்பட்டுவிடும்.

சனம் வரத் தொடங்கியது. பிஸ்கற், பால்மா, அப்பிள், தோடம்பழம் என்று மேசை நிரம்பி, மேசைக்குக் கீழும் நிரம்பியது. வந்தவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எவ்வளவு நல்ல மனிசி நீ. எவ்வளவு நல்லாச் சமைப்பாய்" என்று ஒரு மாமி சொன்னா.

"இண்டைக்கும் சமைச்சனான் மாமி. இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

மாமி இன்னும் சத்தமாக அழுதா. சாப்பிட்டுவிட்டுத்தான் போனா.

கடைசியில் வடக்கு வேலி அக்கா வந்தா. அவ என் மனைவிக்குப் பெரியம்மாவின் மகள். எங்கள் காணிக்கு வடக்குப் பக்கக் காணிக்காரி. இரண்டு காணிக்கும் நடுவிலுள்ள வேலியை அவ எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி அடைத்துவிட்டா என்பது என் மனைவியின் வழக்கு. வேலித் தடிகளாக நட்ட பூவரசங் கதியால்கள் மரமாகிவிட்டன. வழக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. எங்கள் மகள் பிறப்பதற்கு முன்னிருந்தே இருவருக்கும் பேச்சில்லை. கோயிலில் எதிரே வந்தால் இருவரும் சுவாமியைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள்.

அந்த அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தா. கையில் ஒரு பை தோடம்பழம்.

"தங்கச்சி."

என் மனைவி வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வேலியை நீ சொன்ன இடத்திலையே போடு. நான் ஒண்டும் சொல்லமாட்டன். எல்லாத்தையும் மனசிலை வைச்சிருக்காதை, என்ன?"

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்தநாள் காலையில் இரண்டு ஆட்களைப் பிடித்து, பழைய மரங்களைத் தறித்து, அவற்றின் கொப்புகளையே ஒரு முழம் தன் பக்கமாகப் புதுக் கதியால்களாக நடுவித்தா. என் மனைவி யன்னலில் நின்று அதை முழுக்கப் பார்த்தாள். கடைசிக் கதியால் இறுகும் வரைக்கும் அசையவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சை வாங்கோ. நான் எப்ப சாகிறன்?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"வேலி நகருது. அந்த மனிசி தன்ரை தாய் செத்த அண்டும் அந்தக் கதியாலுக்குத் தண்ணி ஊத்தினவ. சும்மா ஒரு முழம் விட்டுக்குடுக்கிற ஆளில்லை. சொல்லுங்கோ."

விலங்கியல் புத்தகத்தை எடுத்து வந்தேன். அறிக்கையை அவளுடைய கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டு, சிவப்புச் சதுரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சீலைக்குப் போட்டால் நல்ல வடிவாயிருக்கும்" என்றாள். பிறகு கேட்டாள்: "அண்ணைக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம்."

"மாமியாக்களுக்கு?"

"ஓம்."

"எனக்கு?"

நான் மேசைக்குக் கீழே கிடந்த தோடம்பழமொன்றை எடுத்து மேலே வைத்தேன்.

"சரி. எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. சொல்லாத செத்தவீட்டுக்கு நான் போறேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவள் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

"மருந்து ஏத்துறதை நிப்பாட்டினது ஆர்? டொக்டரோ, நீங்களோ?"

"நான்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள். தலைக்குத் துணியைக் கட்டினாள். "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் மூன்று பக்கத்தையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், மூண்டாம் பக்கம் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"சிவப்பெண்டால் பிழையில்லை சேர். சத்தமாய்க் கதைக்கிற மரபணுவுக்குச் சிவப்பு, அடங்கியிருக்கிறதுக்குப் பச்சை. அவ்வளவுதான். அம்மாவின்ரை கட்டிக்குள்ளை சத்தம் போடுறது உடம்பின்ரை காவல்காரர். கள்ளனைக் கண்டு கத்துகினம். கத்திறது நல்லது. அபாய விகிதமும் ஒண்டுக்குக் குறைவெண்டால் அபாயம் குறைவெண்டுதான் அர்த்தம். இந்தமாதிரிக் கட்டி உள்ள ஆக்கள் மற்ற ஆக்களை விடக் கூடக்காலம் இருந்திருக்கினம் எண்டு கடைசிப் பக்கத்திலை எழுதியிருக்கு."

நான் முதல்முறையாக அவரை இடையில் வெட்டவில்லை.

"நீங்கள் சிவப்பைக் கண்டவுடனை பெயிலெண்டு முடிவெடுத்திட்டியள்" என்றார். அதில் கேலி இல்லை. அதுதான் கூடச் சுட்டது.

"அப்ப நான் பாஸோ தம்பி?" என்று என் மனைவி கேட்டாள்.

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். "அம்மா, இது ஒரு கூட்டத்தைப் பற்றின கணக்கு. உங்களைப் பற்றினதில்லை. அந்தக் கூட்டத்திலை இருந்த ஆக்களும் மருந்தை ஒழுங்கா ஏத்தினவை. உங்களுக்கு இரண்டு தவணை விடுபட்டுப் போச்சு. அதாலை என்ன நடக்குமெண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. இந்தத் தாளுக்கும் தெரியாது."

நான் படிப்பித்த பிள்ளை என்னைத் திட்டாமல், என் மனைவியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பத் தொடங்கலாமோ?" என்று அவள் கேட்டாள்.

"இரத்தத்தைப் பாத்திட்டுத் தொடங்குவம். ஆனால் திரும்ப அந்தச் சத்தி, அந்தக் கஷ்டம் எல்லாம் வரும் அம்மா."

"தகரத்தை நக்கிறதெண்டால் நக்குவம்" என்றாள். வெளியே வந்தபோது என்னிடம் சொன்னாள்: "உந்தப் பிள்ளையின்ரை தவளை நல்லாத்தான் இருந்திருக்கும்."

தண்டனை அன்றே வந்தது. "எந்தெந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னியளோ, அந்தந்த வீட்டுக்குத் திரும்பப் போய்ச் சொல்லுங்கோ. போனிலை இல்லை, நேரே. நீங்கள் பிழையா வாசிச்சதெண்டு சொல்லுங்கோ. பழியை டொக்டரிலை போடக்கூடாது."

கலியாணம் சொல்லப் போகும் மரியாதையோடு போனேன். வேட்டி, மேல்சட்டை, கையில் குடை. பருத்தித்துறையில் அண்ணை நான் சொன்னதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். பிறகு முகம் மாறியது. "லண்டனிலை மகன் லீவு எடுத்து ரிக்கெட்டும் போட்டிட்டான். இப்ப அவனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். ஒரு செத்தவீடு தவறிப்போனதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு மச்சான் வீட்டில் இன்னும் மோசம். அவர்களுக்கு நான் முதலில் சொல்லியிருக்கவில்லை. ஊர் வாயாலேயே அறிந்திருந்தார்கள் என்று அங்கேயும் போனேன். மச்சான் கதிரை தரவில்லை. "சாகப்போறா எண்டு எங்களுக்கு வந்து சொல்லேல்லை. சாகேல்லை எண்டு மட்டும் ஏன் வந்து சொல்லுறியள்? நாங்கள் என்ன, நல்ல செய்திக்கு மட்டுமோ?" என்றார். அவர்கள் இன்றைக்கும் எங்களோடு கதைப்பதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் "நான் பிழையா வாசிச்சிட்டன்" என்று சொன்னேன். முதல் வீட்டில் அந்த வசனத்தைக் குடைப்பிடியைப் பார்த்துத்தான் சொன்னேன். ஐந்தாறு வீடு போனபிறகு பழகிவிட்டது. பழகியது எனக்கே பிடிக்கவில்லை. வேலி அக்காவிடம் மட்டும் நான் போகத் தேவைப்படவில்லை. அவவே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தங்கச்சி, சுகமாமே?"

"ஓமக்கா. நல்ல சோதனை வந்திருக்கு."

"கடவுள் காப்பாத்திப்போட்டார்." பூவரசம் இலைகளைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டா. "அப்ப... இந்த வேலி..."

"பொறுங்கோ அக்கா. டொக்டர் இன்னும் ஒண்டும் நிச்சயமாச் சொல்லேல்லை" என்றாள் என் மனைவி.

அன்றிலிருந்து அக்கா கிழமைக்கு ஒருமுறை சுகம் விசாரிக்க வருகிறா. வெறுங்கையோடு வருவதில்லை. இருவரும் இப்போது மணிக்கணக்கில் கதைக்கிறார்கள், பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். வேலி நகர்ந்த இடத்திலேயே நிற்கிறது.

மிச்சமிருந்த மருந்தை எல்லாம் ஏற்றி முடித்தார்கள். இரண்டாம் முறை நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய், அவள் சத்தி எடுக்கும்போது பேசின் சட்டியைப் பிடித்தேன். அதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. உயரத்தைப் பார்த்துப் பிடித்தால் போதும். தலைமயிர் திரும்ப வந்தது, சுருட்டையாக. இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை; நோய் திரும்புகிறதா என்பதை அதில் வரும் ஓர் எண்ணை வைத்துப் பார்ப்பார்கள். முடிவு கேட்க அவள் தனியே உள்ளே போவாள். அது அவளுடைய சட்டம். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன்.

போன கிழமையும் அப்படித்தான் போனோம். வெளியே வந்தவள் "வாங்கோ, பஸ் போகப்போகுது" என்றாள். பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருதனார்மடத்தில் மரக்கறி வாங்க இறங்கினோம். அவள் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?" என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீர் சொல்லுவீரெண்டு பாத்தன்."

"கேட்டாத்தானே சொல்லுவன்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"அந்த எண் இந்த முறை கொஞ்சம் ஏறியிருக்காம். சில நேரம் சும்மாவும் ஏறுமாம். அடுத்த கிழமை திரும்ப எடுத்துப் பாக்கவேணுமாம்."

பை கையிலிருந்து நழுவியது. அவள் அதைப் பிடித்துத் திரும்ப என் கையில் தந்தாள்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கோ."

சொல்வதற்கு என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். வாய்வு என்பேன், வயது என்பேன். அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

எங்கள் கலியாண வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் நிமிர்ந்து என்னை ஒருதரம் வடிவாகப் பார்த்தாள். பிறகு மரக்கறிக்காரப் பெண்ணிடம் திரும்பி, "இவ்வளவு வாங்கிறம், இன்னும் ஒரு காய் கூடப் போடும் பிள்ளை" என்றாள்.